விழுந்தது நிரூபணம் மட்டும்தான்

ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று போனை நான்தான் வைத்தேன். லைன் கட் ஆகவில்லை. நீ கத்தினால் எனக்கு அழுகை வரும், அழுதால் பேச்சு வராது, பேச்சு வராவிட்டால் நீ இன்னும் கத்துவாய். விடுதியில் சிக்னல் கிடைக்கும் இடம் மாடிப்படி வளைவு ஒன்றுதான். துணி காயப்போடப் போகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் அவ்வளவு ஊமை இல்லை.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். கணிதம் எம்.எஸ்சி.யோடு முடிந்தது. முனைவர் பட்டத்துக்கு நான் செய்யும் ஆராய்ச்சி தத்துவத் துறையில். வீட்டில் ‘ஆராய்ச்சி’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவும் எதில் என்று கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். சொல்லியிருப்பேனா என்று எனக்கே உறுதியில்லை, அதனால் அதை எழுதவில்லை.

ஆனால் கணக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கணக்கு போடும் முறையிலேயே, கடவுள் எது, உலகம் எது, மனம் எது என்று நிரூபிக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் படிக்கிறேன். அவர்கள் போட்ட கணக்கு சரியா என்று பார்ப்பது என் வேலை. விளக்கமாக இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், நீ கிழித்துப் போடாமல் இருந்தால்.

நவம்பரில் எனக்கு வாய்மொழித் தேர்வு. பெரிய அறையில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். நாலு பேர் பார்த்தாலே குரல் இறங்கிவிடும் எனக்கு, அந்தக் கூட்டத்தில் என் மனிதர்களின் முகம் இரண்டாவது இருக்க வேண்டும். நீயும் அம்மாவும் வர வேண்டும். இப்போதே கேட்டு வைக்கிறேன்.

உன் தங்கை.

 

ஜூலை 17

வாய்ப்பூட்டுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை, “அவ நல்லாத்தானே எழுதியிருக்கா, நீ ஏன் குதிக்கற?” என்றார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் நிற்கிற மனுஷி, வீட்டில் நான் கத்துவதை மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

நான் ஏன் குதிக்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தெரியுமா? ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மோட்டார் அறையில் இருந்தாலும் சரி, லிஃப்ட் குழியில் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றாலும் சரி, “கணக்கு, மேல வா”, “கணக்கு, கதவைப் பிடி”. ஏனென்றால் உன்னைப் பற்றிப் பேசிப் பேசி அவர்கள் காதில் ரத்தம் வர வைத்திருக்கிறேன். என் தங்கச்சி கணக்கில் முதல் மார்க், என் தங்கச்சி கணக்கில் டாக்டர் ஆகப்போகிறாள். டீ குடிக்கும்போதெல்லாம் இதே பாட்டுதான்.

நாம் போனில் சண்டை போட்டதற்கு முந்தின நாள், போர்மேனின் மகள் அவள் படிப்புக்காக உன் பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டைப் பார்த்திருக்கிறாள். போர்மேன் எல்லோர் முன்னாலும், “கணக்கு, உன் தங்கச்சி பேரு தத்துவத்துல இல்ல இருக்கு?” என்றார். நான் சிரித்தேன். “அது வேற பொண்ணா இருக்கும் சார்” என்றேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். உன் போட்டோ. அதிலும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாய்.

மானம் கப்பல் ஏறிவிட்டது. “சாமியாரா போகப் போகுதா?” என்று ஒருத்தன் கேட்டான். அதுகூடப் பரவாயில்லை. தத்துவம் படி, தையல் படி, எனக்கென்ன. உன் சங்கதி போர்மேன் மகளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்கிறாய்.

நவம்பர் வரட்டும், பார்க்கலாம்.

அண்ணன்.

 

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

வாய் மூடிய போட்டோவைப் பற்றி: சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன், அதுதான் அது.

என் அறையை நீ பார்த்ததில்லை. கட்டில் இரண்டு, ஜன்னல் ஒன்று, அதன் வழியே தண்ணீர்த் தொட்டியும் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி டப்பாக்களும் தெரியும். என் பக்கத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள் ஒட்டியிருக்கிறேன். அட்டைக்கு அட்டை நூல் கட்டியிருக்கிறேன். கூட இருப்பவள் பார்மசி படிக்கிறாள். “உன் புருஷன் சிலந்தியாத்தான் இருப்பான்” என்பாள்.

அந்த அட்டைகள் ஒரு மனிதருடையவை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கண்ணாடி வில்லை தேய்ப்பது அவர் தொழில். பெயரை எழுத மாட்டேன், நீ அதை வைத்து ஒரு மாதம் கிண்டல் செய்வாய். பத்தாம் வகுப்பில் வடிவியல் படித்தோமே, முதலில் வரையறை, பிறகு யாரும் மறுக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளும் அடிக்கோள், அதிலிருந்து தேற்றம், அதன் கீழே நிரூபணம். முக்கோணத்துக்குச் செய்கிற அதே வேலையை அவர் கடவுளுக்கும் உலகத்துக்கும் மனித மனதுக்கும் செய்தார். இருப்பது ஒரே ஒரு பொருள்தான், மற்றதெல்லாம், நீயும் நானும் உன் லிஃப்டும்கூட, அதன் மடிப்புகள்தான் என்பது அவர் சொன்னது. அதைக் கனவு கண்டதாகவோ யாரோ காதில் ஓதியதாகவோ அவர் சொல்லவில்லை. இந்த வரி அந்த வரியின் மேல் நிற்கிறது, அந்த வரி அதற்கு முந்தியதன் மேல் நிற்கிறது என்று காட்டினார். என் சுவரில் உள்ள நூல்கள் அவைதான். எது எதன் மேல் நிற்கிறது என்பது.

இது ஏன் எனக்குப் பிடித்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே வந்த முதல் ஆண்டு, வகுப்பில் யார் பேசினாலும் அவர்கள் எந்தப் பள்ளியில் படித்தவர்கள், அப்பா என்ன வேலை என்பது அவர்கள் உச்சரிப்பிலேயே தெரிந்துவிடும். நான் பேசினாலும் தெரிந்துவிடும். இந்த மனிதரின் பக்கங்களில் மட்டும், சொன்னது யார் என்ற கேள்வியே கிடையாது. எதன் மேல் நிற்கிறது என்பது மட்டும்தான். அங்கே நான் யாருக்கும் தாழ்ந்தவள் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு படித்தேன்.

அவர் நிரூபணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே தன்மை கொண்ட இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்கிறார். ஏன் முடியாது? இரண்டு சட்டை, இரண்டும் நீலம், ஒன்றில் பை இருக்கிறது, ஒன்றில் இல்லை. நிறம் ஒன்று, சட்டை வேறு. அது மாதிரி. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவரை ஒருமுறை நேரில் சந்தித்துப் பேசிய இன்னொரு பெரிய மூளைக்காரர். அந்த ஓட்டையை அடைக்க, வில்லை தேய்த்தவர் கையில் ஏற்கெனவே உள்ள அடிக்கோள்கள் போதுமா என்று பார்த்தேன். ஒவ்வொரு நூலாக இழுத்துப் பார்த்தேன். போதாது என்பது என் ஆய்வேட்டின் முடிவு.

அந்த இன்னொருவருக்கு ஒரு ஆசை இருந்தது. எண்ணங்களுக்கெல்லாம் குறியீடு கண்டுபிடித்துவிட்டால், இரண்டு பேருக்குள் தகராறு வரும்போது கத்த வேண்டியதில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டால் யார் சரி என்று தெரிந்துவிடும் என்று நம்பினார். நீயும் நானும் அப்படிச் செய்து பார்க்கலாமா?

உன் தங்கை.

 

ஆகஸ்ட் 20

வாய்ப்பூட்டுக்கு,

செய்யலாமே. எனக்கும் பத்தாம் வகுப்பு வடிவியல் மறந்துவிடவில்லை. போர்மேன் கிளம்பிப் போன பிறகு, மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதியது. பக்கத்தில் இருப்பவன், “லவ் லெட்டரா கணக்கு?” என்கிறான்.

வரையறை: ஒருவரைத் தன் ஆள் என்று நாலு பேர் முன்னால் சொல்ல மனம் வராமல் இருப்பதற்கு வெட்கம் என்று பெயர்.

அடிக்கோள் ஒன்று: பெருமையாக நினைக்கிறவர்களை யாரும் பக்கவாட்டு வாசல் வழியாகக் கூட்டிப் போக மாட்டார்கள்.

அடிக்கோள் இரண்டு: பெருமையாக நினைக்கிறவர்களிடம் தன் சங்கதியை யாரும் மறைக்க மாட்டார்கள்.

தேற்றம்: வாய்ப்பூட்டுக்கு எங்களைப் பார்த்து வெட்கம்.

நிரூபணம்: உன் எம்.எஸ்சி. பட்டமளிப்புக்கு நானும் அம்மாவும் வந்தோம். அம்மா புதுச் சேலை. நான் இஸ்திரி போட்ட சட்டை. எல்லோரும் பெரிய வாசல் வழியாக உள்ளே போனார்கள். நீ எங்களை நூலகத்தின் பின்னால் உள்ள சின்னக் கதவு வழியாகக் கூட்டிப் போனாய். வராந்தாவில் உன் டீச்சர் ஒருத்தர் எதிரே வந்தார், கண்ணாடி போட்டவர். எங்களைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நீ, “வீட்ல இருந்து வந்திருக்காங்க” என்றாய். அம்மா என்றோ அண்ணன் என்றோ சொல்லவில்லை. பார்சல் வந்த மாதிரி. அதனால் அடிக்கோள் ஒன்றின்படியும் வரையறையின்படியும் வெட்கம். தத்துவத் துறையை மறைத்தாய், அதனால் அடிக்கோள் இரண்டின்படியும் வெட்கம்.

தப்பு இருந்தால் காட்டு.

அண்ணன்.

 

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! என் அறைத்தோழிக்கும் படித்துக் காட்டினேன். “உங்க அண்ணன் இங்க வந்து சேர்ந்திருக்கணும்” என்றாள். உண்மையாகவே நன்றாகக் கட்டியிருக்கிறாய். ஆனால் நிற்காது. உன் கடிதத்திலேயே சிவப்பு மையால் குறித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்.

வரையறையிலேயே முடிவை ஒளித்து வைத்திருக்கிறாய். சொல்ல மனம் வராததற்கு வெட்கம் மட்டும்தானா காரணம்? பயம் இருக்கலாம், கூச்சம் இருக்கலாம். நீ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குப் பெயர் வைத்துவிட்டாய். பெயர் வைப்பது நிரூபிப்பது ஆகாது. இதே தவறைப் பெரிய பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள், அதனால் வருத்தப்படாதே.

அடிக்கோள் ஒன்று, யாரும் மறுக்க முடியாதது இல்லை. நான் மறுக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரிய வாசலில் படிகள் அதிகம்.

அடிக்கோள் இரண்டுக்கும் அதே கதி. உன் இடது கால் விரலில் அடிபட்டதை நீ எனக்கு ஒரு மாதம் சொல்லவில்லை. என்னைப் பார்த்து உனக்கு வெட்கமா?

எனவே தேற்றம் நிற்கவில்லை. என் நெறியாளர் பாணியில் ஓரத்தில் ‘பிடிக்கவில்லை, திருத்துக’ என்று எழுதியிருக்கிறேன், விளையாட்டுக்கு.

வாய்மொழித் தேர்வு நவம்பர் பதினான்கு, காலை. எப்போது கிளம்புகிறீர்கள் என்று எழுது.

உன் தங்கை.

 

செப்டம்பர் 15

சரி. நீ ஜெயித்துவிட்டாய்.

கடிதம் எழுதினவனுக்கே அந்தக் கடிதம் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்கும் தெரியும். அம்மாவிடம் நான் காட்டவில்லை.

நவம்பரில் புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஏற்றுகிறோம். வர முடியாது. நன்றாக எழுது, நன்றாகப் பேசு.

அண்ணன்.

 

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நாலு வரியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மேல் கோபப்பட்டேன். தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். அறைத்தோழியிடம் சொல்லியும் தீர்த்தேன். அவள் மாத்திரை வகைகளை மனப்பாடம் செய்துகொண்டே கேட்டுவிட்டு, “லெட்டரை திருப்பியா அனுப்பின? அவர் இன்னும் உன்னோட பேசறதே பெரிசு” என்றாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

நேற்று புரிந்தது. எங்கே என்று சொல்கிறேன்.

தேர்வுக்கு முன் துறைக்குள்ளேயே ஒரு ஒத்திகை வைப்பார்கள். நீள மேசை, ஓரத்தில் தண்ணீர் கேன், சத்தம் போடும் ஃபேன். நான் என் முடிவைச் சொல்லி முடித்தேன். குரல் வழக்கம் போலத்தான், முதல் வரிசை தாண்டவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஆக, ஒரே பொருள்தான் இருக்குங்கறது பொய்னு நீங்க காட்டிட்டீங்க. அவ்வளவுதானே?” என்றார். என் நெறியாளர் தலையாட்டினார். எல்லோரும் தாளை மூடத் தொடங்கினார்கள்.

அண்ணா, நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே பேசினேன். “இல்லைங்க சார். நிரூபணம்தான் விழுந்தது. சொன்ன விஷயம் விழல. அது உண்மையாவும் இருக்கலாம். நான் காட்டினது அவர் போன வழி போய்ச் சேரலங்கறது மட்டும்தான்” என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “சரி. நல்லது” என்றார். என் நெறியாளர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். என் ஆயுளில் அவ்வளவு பெருமையாக நான் எந்த அறையிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

விடுதிக்கு நடந்து வந்தேன். செருப்புக் கடை தாண்டும்போது சட்டென்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

நீ எழுதியது, உங்களைப் பார்த்து எனக்கு வெட்கம் என்று. நான் உன் நிரூபணத்தை உடைத்தேன். சிவப்பு மை, ஓரக்குறிப்பு, முழங்கால் வலி. ஆனால் நீ சொன்னது பொய் என்று அந்தக் கடிதத்தில் எந்த வரியிலும் நான் சொல்லவில்லை. ஒரு வரிகூட இல்லை. முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எடுத்துச் சொன்ன வித்தியாசம், உனக்கு எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சொல்கிறேன். அது பொய், அண்ணா.

முழங்கால் வலி உண்மைதான், ஆனால் அதற்காகச் சின்னக் கதவுக்குப் போகவில்லை. பெரிய வாசலில் அன்று ஆசிரியர்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பெற்றோரிடமும் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். முதல் ஆண்டு முழுவதும் நான் அந்தக் கண்களுக்கு முன்னால் பதில் வராமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அம்மா அப்படி நிற்பதை நான் பார்க்க மாட்டேன் என்று இருந்தது. அம்மா யாருக்கும் அப்படி நிற்க வேண்டியவர் இல்லை. நீயும் இல்லை. வராந்தாவில் அந்த மேடம் கேட்டபோது, இவர் என் அம்மா, இவர் என் அண்ணன் என்று சொன்னால் அடுத்த கேள்வி உங்களைப் பார்த்து வரும். அதனால் அவசரமாக வாயில் வந்ததைச் சொல்லிக் கடந்தேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காப்பாற்று என்று நீங்கள் கேட்கவில்லை. அம்மாவுக்கு என்ன, அவர் தன் பாஷையிலேயே பதில் சொல்லியிருப்பார், கேட்டவர்தான் முழித்திருப்பார்.

தத்துவத்தை மறைத்ததும் அந்த வகைதான். நீ ‘கணக்கு’ என்று சொல்லும்போது உன் முகம் மாறுவதை நான் லீவில் பார்த்திருக்கிறேன். அதைக் கலைக்க மனம் வரவில்லை.

இதையெல்லாம் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. நூல் கட்டிக் காட்ட முடியாது. பதினான்காம் தேதி வந்து பார். சின்னக் கதவு வேண்டாம், படிகள் ஏறிப் பெரிய வாசல் வழியாக வாருங்கள். அம்மாவை மெதுவாக ஏறச் சொல். அந்த ஆகஸ்ட் கடிதத்தையும் எடுத்து வா. அது எனக்கு எழுதியது, என்னிடம்தான் இருக்க வேண்டும்.

உன் தங்கை.

 

நவம்பர் 18

வாய்ப்பூட்டுக்கு,

இனிமேல் இந்தப் பெயர் பொருந்தாது, வேறு கிடைக்கும் வரை இதுவே இருக்கட்டும்.

போனிலேயே பேசலாம் என்று சொல்லி அனுப்பினாய். எழுதியே பழகிவிட்டது. ராத்திரி பஸ்ஸில் அம்மா தூங்கவே இல்லை. “இவளுக்கு இவ்வளவு பேச்சு எங்க இருந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பிறகு அவர்களே, “எல்லாம் என் பேச்சுதான்” என்று முடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற உன் நெறியாளர் அம்மாவிடம் ஏதோ கேட்டாரே, அதற்கு அம்மா சலவைக்கூடத்துப் பெரிய மிஷினைப் பற்றிச் சொன்ன பதிலை நான் பஸ்ஸில் வைத்துத்தான் முழுசாகக் கேட்டேன். அவர் நிஜமாகவே முழித்திருப்பார்.

நீ மேடை ஏறி, ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வரி சொன்னாய். “முதல் வரிசையில இருக்கறவங்க என் அம்மா, மருத்துவமனைச் சலவைக்கூடத்துல வேலை செய்யறாங்க. பக்கத்துல என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக்.” அந்த அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிரீஸ் போக நன்றாகத்தான் தேய்த்திருந்தேன். அம்மா வணக்கம் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொல்கிற மாதிரி, எல்லாப் பக்கமும் திரும்பி.

அதற்குப் பிறகு நீ பேசியதில் பாதி புரியவில்லை. பரவாயில்லை. நரைத்த தாடிக்காரர் குறுக்கே கேட்டபோது நீ சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனாய் பார், அது புரிந்தது. அவசரப்படாமல் போனாய். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

லிஃப்ட் ஏற்றுகிற வேலையை ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லி போர்மேனிடம் நான்தான் கேட்டேன். எதற்கு என்றார். தங்கச்சிக்குத் தத்துவத்தில் டாக்டர் பட்டம் என்றேன். தத்துவம் என்று முழுசாகவே சொன்னேன். நேற்று டீ குடிக்கும்போது எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சொல்லு கணக்கு, என்னதான் படிச்சிருக்கு உன் தங்கச்சி என்று. சொன்னேன். கண்ணாடி தேய்க்கிறவர், நீலச் சட்டை, ஓட்டை எல்லாம். போர்மேன் கேட்டார்: “அப்போ கடவுளைப் பத்தி அவர் சொன்னதெல்லாம் பொய்னு உன் தங்கச்சி காட்டிருச்சா?”

“நிரூபணம்தான் விழுந்துச்சு சார், சொன்ன விஷயம் விழல” என்றேன். “எனவே அது உண்மையாவும் இருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம். எனவே யாரும் குதிக்க வேணாம்.”

அப்புறம் சாமியார் கேள்வி கேட்டவன், “ஏம்ப்பா, பேச்சுக்குப் பேச்சு எனவே எனவேங்கறான்?” என்றான். அவ்வளவுதான். காலையிலிருந்து குழிக்குள் நிற்கும்போது மேலிருந்து “எனவே, கதவைப் பிடி” என்று குரல் வருகிறது. ‘கணக்கு’ போய்விட்டது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் கடிதத்தை உன்னிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். கால் விரலில் அடிபட்டதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாயே, உனக்குப் பரீட்சை நேரம். அதற்கு வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை.

மேலே எழுதியதில் தப்பு இருந்தால் காட்டு. தப்பு நிரூபணத்திலா, சொன்ன விஷயத்திலா என்று சேர்த்தே எழுதிவிடு. கடிதத்தை மட்டும் திருப்பி அனுப்பாதே.

அண்ணன்.